அறுபத்துநாலாம் நம்பர் மழை

ஜூலியஸ் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை புக்கிட் செலம்பாவுக்குப் போவதில்லை. தலையே போனாலும் போவதில்லை.

இந்த முடிவை அவன் யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக, மனைவி அகத்தாவிடம் சொல்லவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவன் எடுத்த பெரிய முடிவுகள் எல்லாமே மனசுக்குள் பிறந்து, மனசுக்குள் வளர்ந்து, அகத்தா ‘ஏங்க’ என்று கூப்பிட்டதும் மனசுக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டுவிடும். இது மட்டும் அப்படிச் சாகக் கூடாது என்று உறுதியாக இருந்தான்.

புக்கிட் செலம்பாவில் இருந்தது அகத்தாவின் அண்ணன் அந்தோணிதாஸ். இரண்டு ஏக்கர் ரப்பர், ஒரு பழைய லோரி, கட்டி முடிக்காத ஒரு வீடு. அந்தக் கட்டி முடிக்காத வீடுதான் ஜூலியஸின் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுகொண்டிருந்தது. ‘சும்மா பாத்துட்டு வந்துடுவோம்’ என்றுதான் அகத்தா லூனாஸிலிருந்து மோட்டர் சைக்கிளில் ஏறி உட்காருவாள். அங்கே போய் இறங்கிப் பத்து நிமிஷத்தில் ஜூலியஸ் கையில் செங்கல் இருக்கும். யார் கொடுத்தது, எப்போது வாங்கினான் என்பதெல்லாம் அவனுக்கே தெரியாது. சாயங்காலம் திரும்பும்போது இடுப்பு ஒரு பக்கம் போகும், மோட்டர் இன்னொரு பக்கம் போகும்.

இடுப்பைக்கூட அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். ஆனால் மனோகரனின் இசைக்குழு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத்தான் அவன் வீட்டில் பயிற்சி வைத்திருந்தது. சுங்கை பட்டாணியில் ஒரு பெரிய மண்டபத்தில் கல்யாணம். குழுவுக்கு முதல் பெரிய மேடை. மேடையில் ஜூலியஸ் தன் கீபோர்டோடு நிற்க வேண்டும். அவனோ மூன்று வாரமாகப் பயிற்சிப் பக்கமே போகவில்லை.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க,” என்று மனோகரன் புதன்கிழமை கோப்பிக் கடையில் வைத்துச் சொல்லிவிட்டான். “இந்த வாரமும் வரலன்னா கூலிம் சிரிலத்தான் கூப்புடணும்.”

கூலிம் ஊர்க்காரனான சிரிலிடமும் ஒரு கீபோர்டு இருந்தது. சிரிலுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவே அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகள் அவனிடமே இருந்தன.

வாரத்தில் ஆறு நாள் ரப்பர்த் தோட்டத்துப் பால் ஸ்டோரில் நின்று பால் நிறுக்கிறவன் ஜூலியஸ். எடை குறைகிறது என்று சண்டை போடுவதற்குத் தவிர வேறெதற்கும் யாரும் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. மேடையில் கீபோர்டுக்குப் பின்னால் நின்றால்தான் நாலு பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்த இடம் போனால் அவன் வெறும் தராசு. இது அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, அதனால் பயந்தான்.

அகத்தாவிடம் நேராகச் சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்கு அகத்தாவைத் தெரியாது.

அடுத்த நாள் பால் ஸ்டோரில் நின்றுகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் தடதடவென்று கொட்டியது. பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வாளியைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு ஓடினார்கள். ஜூலியஸ் கூரையை அண்ணாந்து பார்த்தான். ஒரு மழை வந்தால் ஆயிரம் ஏக்கர் தோட்டமே நின்றுவிடுகிறது. ஒரு மனைவி நிற்க மாட்டாளா? நிற்பாள். மழை பெய்தால் மோட்டரில் ஏறுவதில்லை என்பது அகத்தா தானே போட்ட சட்டம். ஒருமுறை நனைந்துகொண்டு போய் மூன்று வாரம் மூக்கை உறிஞ்சியபின் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை மழைக்கு யாரிடம் சொல்வது? யாரிடமும் சொல்ல வேண்டாம். தானே பெய்துவிடலாம் என்று முடிவு செய்தான்.

அவனுடைய கீபோர்டு சாதாரணப் பெட்டி இல்லை. பட்டர்வொர்த்தில் ஒரு ஹோட்டல் குழு கலைந்தபோது கைமாறி வந்தது. அதில் அறுபத்துநாலு ஒலிகள். பிடிக்காத ஒலியை எடுத்து, பொத்தான்களை நோண்டி, வேறு மாதிரி ஆக்கி, அதே நம்பரில் சேமித்து வைக்கலாம். சுரமே இல்லாத வெறும் ‘ஸ்ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் அதற்குள் இருந்தது. அந்த இரைச்சல்தான் மேகம். மீதியை ஜூலியஸ் பார்த்துக்கொள்வான்.

வியாழன் சாயங்காலம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். முதலில் வந்தது மழை இல்லை, கடுகு தாளிக்கிற சத்தம். கூர்மையைக் குறைத்தான். லோரி டயரில் காற்று போகிற மாதிரி இருந்தது. இன்னும் குறைத்தான். யாரோ தூரத்தில் மூக்குச் சிந்தினார்கள். ஸ்பீக்கரில் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஹெட்போனைப் பிடுங்கினான்.

“ஏங்க!” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “கேஸ் தோங்கு ஒழுகுதா பாருங்க!”

மறுபடியும் ஹெட்போன். வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அந்த அதிசயம் நடந்தது. இரைச்சல் லேசாக ஏறி இறங்கி, நடுநடுவே தகரத்தில் சொட்டு விழுகிற மாதிரி ‘டக் டக்’கென்று தெறித்து, சாட்சாத் லூனாஸ் மழை. ஜூலியஸுக்குக் குளிரே எடுத்தது. அந்த ஆனந்தத்தில், சும்மா ஓர் ஆர்கன் ஒலியைக் கேட்போமே என்று பக்கத்துப் பொத்தானை அமுக்கினான். ஆர்கன் வந்தது. திரும்பி மழைக்கு வந்தான். மழை இல்லை. சேமிக்காமல் நம்பரை மாற்றினால் அதுவரை செய்ததெல்லாம் காற்றோடு போய்விடும் என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கையேட்டை ஜூலியஸ் படித்ததில்லை. ஆம்பிளை.

இரண்டு சாயங்காலத்து மழை ஒரு விரலில் வெயிலாகிவிட்டது. ஜூலியஸ் மூக்கால் அழுதான். பிறகு சனிக்கிழமை லீவு போட்டு, நாள் முழுக்க உட்கார்ந்து மறுபடியும் சொட்டுச் சொட்டாகச் செய்தான். இந்த முறை பெட்டியின் முதுகில் இருந்த பாதுகாப்புச் சுவிட்சைத் திருப்பி, சேமிக்கிற ‘ரைட்’ பொத்தானை அமுக்கி, அறுபத்துநாலில் எழுதி, சுவிட்சை மூடி, சிலுவைக் குறியும் போட்டுக்கொண்டான். பிறகு அகத்தாவோடு சாயங்காலப் பூசைக்குப் போனான். அன்று அவன் ரொம்ப பக்தியாக இருந்ததை அகத்தாவும் கவனித்தாள்.

ஞாயிறு காலை ஐந்தரை. ஜூலியஸ் ஓசைப்படாமல் எழுந்தான். முதலில் வாசலுக்கு மழை பெய்ய வேண்டும். ஆறு வாளி தண்ணீரைச் சிமெந்துத் தரையிலும், செம்பருத்திச் செடியிலும், மோட்டர் சீட்டிலும் ஊற்றினான். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டு அழகம்மா அக்கா எழுந்து வந்து பார்த்தார்.

“என்னா தம்பி, மோட்டருக்குத் தண்ணி ஊத்தற? மொளைக்குமா?”

“சூடா இருக்குக்கா.”

உள்ளே வந்து அலமாரி உச்சியில் ஸ்பீக்கரை மல்லாத்தி, கூரைத் தகரத்தைப் பார்க்க வைத்தான். அறுபத்துநாலை அமுக்கினான். இரண்டு கட்டைகளை அழுத்தி, நடுவில் தீக்குச்சியைச் செருகினான். தீக்குச்சி இருக்கிறவரை கட்டை எழாது. கட்டை எழாதவரை மழை நிற்காது. சத்தத்தை மெல்ல ஏற்றிவிட்டு, ஓடிப்போய்ப் போர்வைக்குள் நுழைந்துகொண்டான்.

ஆறு மணிக்கு அகத்தா புரண்டாள்.

“ஏங்க... மழையா?”

“ஆமா.”

“எப்பலேருந்து?”

“அஞ்சே முக்காலுலேருந்து. அதாவது... எனக்கென்னா தெரியும், தூங்கிக்கிட்டிருந்தேன்.”

“நல்ல மழைலா.”

“நல்லா இருக்கா?” என்றான் ஜூலியஸ். படைத்தவனுக்குப் பாராட்டு முக்கியம்.

“அப்ப அண்ணன் வூட்டுக்குப் போக முடியாது.”

“அடடா! மச்சான் என்னா நெனைப்பாரு?”

“ரொம்ப கவலையா இருக்கா?”

“இருக்காதா?”

அகத்தா போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டாள். ஏழரைக்கு ஜூலியஸ் எழுந்து போய் மழையை மெல்ல மெல்லக் குறைத்து விட வைத்தான். எட்டு மணிக்கு அகத்தா சன்னலைத் திறந்தாள்.

“அழகம்மாக்கா பக்கம் காஞ்சி கெடக்கே?”

“நம்ம ஊரு மழை அப்படித்தான் அகத்தா. இங்க பேயும், அங்க பேயாது.”

“வேலியப் பாத்தா பேயும்?”

“ஒரு ஒழுங்கு இருக்குல்ல.”

அகத்தா வானத்தைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகு புருஷனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சரி, வூட்டுல சும்மாதானே இருக்கீங்க. மனோகரன் வூட்டுக்கு வேணும்னா போயிட்டு வாங்க.”

ஏழு வருஷத்தில் அகத்தா இப்படித் தானாக எதையும் கொடுத்ததில்லை. புத்தியுள்ளவன் அந்த இடத்திலேயே பயந்திருப்பான். ஜூலியஸ் விசிலடித்துக்கொண்டு கிளம்பினான். குழுவுக்கென்றே இன்னொரு பழைய கீபோர்டு மனோகரன் வீட்டில் இருந்தது, அதில் பிய்த்து உதறிவிட்டு ஒரு மணிக்கு வந்தான்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒரே சந்தோஷம். அகத்தாகூட முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள். பிறை என்கிற ஊரில் எலெக்ட்ரோனிக் பேக்டரிக்குப் போய் எட்டு மணி நேரம் போர்டு டெஸ்ட் பண்ணிவிட்டு, பேக்டரி பஸ்ஸில் நசுங்கி வருகிறவள், அலுப்பே காட்டவில்லை. கீபோர்டுக் கையேடு அடுப்படி அலமாரியில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில், மஞ்சள் கறையோடு இருந்ததை ஜூலியஸ் பார்த்தான். பார்த்துவிட்டு, டப்பாவுக்கு மூடியாக வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

மறு ஞாயிறு வந்தது. இந்த முறை ஜூலியஸ் தொழில் தெரிந்தவன். வேலிக்கு அந்தப் பக்கமும் இரண்டு வாளி வீசினான். அறுபத்துநாலு, தீக்குச்சி, சத்தம், போர்வை.

“மழையா?” என்றாள் அகத்தா.

“மழைதான்.”

“பாவம் அண்ணன்.”

ஜூலியஸ் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். மழை சோவென்று கொட்டியது. தகரத்தில் சொட்டுகள் தெறித்தன. அப்போதுதான் கேட்டது.

‘க்ரொக்.’

கண்ணைத் திறந்தான்.

‘க்ரொக். க்ரொக்.’

“தவளைகூடக் கத்துது,” என்றாள் அகத்தா, போர்வைக்குள்ளிருந்து. “நல்ல மழைதான்.”

ஜூலியஸ் எழுந்து வாசலுக்கு ஓடினான். வானத்தில் நட்சத்திரம் பளிச்சென்று இருந்தது. செம்பருத்திக்குக் கீழே பார்த்தான், மோட்டருக்கு அடியில் பார்த்தான். தவளை இல்லை. உள்ளே வந்தான். க்ரொக். சத்தம் அலமாரி உச்சியிலிருந்து, அவனுடைய ஸ்பீக்கரிலிருந்து, அவனுடைய மழைக்குள்ளிருந்து வந்தது. அவன் தவளை செய்யவில்லை. தவளையைப் பற்றி நினைக்கக்கூட இல்லை. பெட்டியில் சிவப்பாக 64 என்று எரிந்தது.

தீக்குச்சியைப் பிடுங்கிவிடலாம் என்று கையை நீட்டினான்.

“என்னா செய்றீங்க?”

அகத்தா துணிக்கூடையும் இஸ்திரிப் பெட்டியுமாக நின்றிருந்தாள். கீபோர்டுக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“தூக்கம் போச்சு. மழை விடறவரைக்கும் இங்க உக்காந்து துணி தேய்க்கிறேன். சன்னலத் தொறக்காதீங்க, சாரலடிக்கும்.”

ஜூலியஸ் விழித்தான். தவளை எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். கேட்டால் மழை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். தவளை மட்டும் பேசியது.

மணி எட்டு. சன்னல் இடுக்கில் வெயில் கோடு போட்டது. மழை விடவில்லை. எட்டரை. அகத்தா அவனுக்கு ஒரு தட்டு நிறைய நெத்திலியைக் கொடுத்துத் தலை கிள்ளச் சொன்னாள். மழை நாளில் ஆம்பிளைகள் வேறென்ன செய்வார்கள்? ஒன்பது. மனோகரன் வீட்டில் இப்போது எல்லோரும் வந்திருப்பார்கள்.

“மழை கொறைஞ்ச மாதிரி இல்ல?” என்றான்.

“எங்க? கொட்டுதே.”

“எனக்கென்னமோ விட்டுடும்னு தோணுது.”

“விடாது. தவளை இந்தக் கத்து கத்தினா சாயந்தரம்வரைக்கும் விடாது. ஏங்க, பின்னாடி கொட்டாயிலேருந்து ஒரு தேங்கா எடுத்துட்டு வாங்க. கொடை புடிச்சிக்கிட்டுப் போங்க.”

குடையோடு பின்கட்டில் இறங்கினான். வெயில் சுள்ளென்று அடித்தது. அழகம்மா அக்கா ஈரமான துணிகளை இரண்டாம் தடவையாகப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்னா தம்பி கொடை?”

“வெயிலுக்கா. தாங்கல.”

“ஏங்க!” என்று உள்ளேயிருந்து அகத்தா கத்தினாள். “நனைஞ்சிடாதீங்க!”

அழகம்மா அக்கா வானத்தைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தேங்காயோடு நின்ற ஜூலியஸுக்கு அழுகை வந்தது.

பத்து மணிக்கு வாசலில் மோட்டர் சத்தம் கேட்டது. அகத்தா கதவைப் பாதி திறந்தாள். வெயிலில் முகமெல்லாம் வியர்த்து மனோகரன் நின்றான்.

“அக்கா, அண்ணே இல்லியா?”

“இருக்காரு தம்பி. இந்த மழையில எப்படி வருவாரு?”

மனோகரன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வானத்தைப் பார்த்தான். உள்ளேயிருந்து வந்த ‘சோ’வைக் கேட்டான்.

“ஆமாக்கா,” என்றான் ரொம்ப மரியாதையாக. “பயங்கர மழை. அப்ப நான் சிரிலுக்கே சொல்லிடறேன்.”

நெத்திலித் தட்டு கீழே விழுந்தது.

“டேய் மனோகரா, நில்லு! மழை இல்லடா!” ஜூலியஸ் பாய்ந்து போய்த் தீக்குச்சியைப் பிடுங்கினான். மழை நின்றது. தவளையும் பாதி ‘க்ரொ’வில் நின்றது. வீடே கப்சிப். “அகத்தா, இது மழை இல்ல. நான் செஞ்சது. போன வாரமும் நான் செஞ்சது. என் எடம் போயிடும்மா. சிரில் வந்துடுவான். அதான் இப்படிப் பண்ணிட்டேன்.”

“தெரியும்,” என்றாள் அகத்தா. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“எப்பலேருந்து?”

“போன வாரத்துலேருந்து. சவுண்ட கொறைச்சிட்டு, தீக்குச்சிய அப்படியே வுட்டுட்டுப் போயிட்டீங்க. நான் தூசு தட்ட வந்தா செவப்பா நம்பரு எரியுது. சவுண்ட ஏத்தினேன். நடுவூட்டுல மழை.”

“அப்ப தவளை?”

“மழைய நல்லாத்தான் செஞ்சிருந்தீங்க. ஆனா தவளை கத்தாத மழைய நம்ம கெடா மாநிலத்துல யாரு நம்புவா? பேக்டரியில நாளெல்லாம் இதோட பெரிய போர்டயே பாக்கறேன். இது என்னா கம்ப சூத்திரமா? புஸ்தகத்துல எல்லாம் போட்டிருக்கு. தவளையச் செஞ்சேன், பின்னாடி சுவிட்சத் தொறந்தேன், எழுதினேன், மூடினேன். அரை மணி நேரம்.”

மூன்று நாள் மழைக்கு அரை மணி நேரத் தவளை. ஜூலியஸ் நாற்காலியைத் தேடினான்.

“அண்ணன் வூட்டுல இன்னும் கூரை போடல,” என்றாள் அகத்தா. இப்போது குரலில் விளையாட்டு இல்லை. “மழைக்காலம் வந்துடுச்சின்னா அண்ணியும் மூணு பிள்ளைங்களும் எங்க போவாங்க? அதுக்குத்தான் வாரா வாரம் உங்கள இழுத்துக்கிட்டுப் போறேன்.”

ஜூலியஸுக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த வீட்டில் செங்கல்லைத்தான் எண்ணினானே தவிர, பிள்ளைகளை எண்ணியதில்லை. வெட்கமாக இருந்தது.

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க சொன்னீங்களா, பிரெக்டிஸு இருக்குன்னு? எடம் போயிடும்னு? மனோகரன் சொல்லித்தான் எனக்கே தெரியும்.”

“மனோகரனா?” ஜூலியஸ் திரும்பினான். மனோகரன் கறுப்புக் கண்ணாடியை அவசரமாக மாட்டிக்கொண்டான்.

“அக்கா செவ்வாக்கெழமயே வூட்டுக்கு வந்துட்டாங்கண்ணே. பிரெக்டிஸு இனிமே சாயந்தரம் அஞ்சு மணிக்கு. உங்க மச்சான் வூட்டுலதான். கரண்டு இருக்கு, அக்கம்பக்கம் யாருமில்ல, எவ்வளவு சத்தம் வேணும்னாலும் வெக்கலாம். உங்க எடம் உங்களுக்குத்தான்.”

“அப்ப ஏன்டா காலையில வந்தே?”

“கூரை போட ஆளு வேணும்ல?”

தெரு முனையில் ஹார்ன் அடித்தது. அந்தோணிதாஸின் லோரி வந்து வாசலில் நின்றது. பின்னால் தகரக் கட்டுகள். தகரக் கட்டுகள்மேல் டிரம்ஸ். டிரம்ஸுக்குப் பக்கத்தில் கித்தார்க்காரன், பாடுகிற ஜோன், இன்னும் ஒருத்தன்.

“அது யாரு?”

“சிரிலுண்ணே. அக்காதான் அவனயும் கூப்புடச் சொன்னாங்க. ஒசரமான பையன், தகரம் புடிக்கத் தோதா இருப்பான்.”

“மச்சான்!” என்று அந்தோணிதாஸ் லோரியிலிருந்து தலையை நீட்டினார். “மழை விட்டுடுச்சா?”

எல்லோரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் ஜூலியஸும் சிரித்தான். அவனுடைய இடம் பத்திரமாக இருந்தது, அது போதும். இடுப்பைப் பற்றி இனிமேல் யோசித்து என்ன ஆகப்போகிறது?

அகத்தா சோற்றுச் சட்டியோடு போய் லோரியின் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலத்துக்குக் கீபோர்டும் வர வேண்டும். கட்டி எடுக்க ஜூலியஸ் மட்டும் உள்ளே வந்தான். சிவப்பாக 64 எரிந்துகொண்டிருந்தது. இந்த மானக்கேட்டை இங்கேயே முடித்துவிட வேண்டும். இதன்மேல் ஓர் ஆர்கனை எழுதிவிட்டால் மழையும் இல்லை, தவளையும் இல்லை, சாட்சியும் இல்லை. ஏழு வருஷத்தில் இந்த ஒரு முடிவாவது அவனுடையதாக இருக்கட்டும். முதுகுச் சுவிட்சைச் சத்தமில்லாமல் திருப்பினான். ஆர்கனை எடுத்தான். ‘ரைட்’ பொத்தான்மேல் விரலை வைத்தான்.

“ஏங்க!” என்று லோரியிலிருந்து குரல் வந்தது. “அறுபத்துநால அழிச்சிடாதீங்க, இன்னும் இடி சேக்கணும்!”